விபிஎன் டன்னலில் டிராஃபிக்கை வகைபிரிப்பதும் பாக்கெட்டை வடிகட்டுவதும்: முதல்முறை அமைப்பவர்களுக்கு

விபிஎன் கேட்வேயில், அதாவது குறியாக்கப்பட்ட டன்னல் வந்து முடியும் இயந்திரத்தில், ஃபயர்வால் ரூல் எழுதி, அது வேலை செய்யவில்லை என்று வருபவர்களில் பெரும்பாலோர் செய்த தவறு ஒன்றுதான். ஒரே பாக்கெட் கேட்வேக்குள் இரண்டு உருவில் நடமாடுகிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. குறியாக்கத்துக்கு முன் அது ஒரு சாதாரண ஐபி பாக்கெட். யார் அனுப்பினார், எந்தச் சர்வருக்கு, எந்தப் போர்ட்டுக்கு என்று எல்லாம் படிக்கலாம். குறியாக்கம் ஆன பிறகு அது வெறும் யுடிபி உறை. உள்ளே தொலைபேசிப் பேச்சு இருக்கிறதா, கோப்பு நகல் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு ரூலையும் எழுதும்போது, இது உள் பாக்கெட்டைப் பார்க்கிறதா, உறையைப் பார்க்கிறதா என்ற கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை லினக்ஸ் கேட்வே, வயர்கார்டு டன்னல், என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வால், டிசி வரிசை மேலாண்மை ஆகியவற்றை வைத்துப் போகிறது. வயர்கார்டு 2020-இல் லினக்ஸ் கர்னல் 5.6-இல் சேர்ந்தது, என்எஃப்டேபிள்ஸ் 2014 முதல், கர்னல் 3.13-இலிருந்து இருக்கிறது. எனவே இன்று புதிதாக நிறுவும் எந்த லினக்ஸிலும் இரண்டும் தயாராகவே இருக்கும். ஓபன்விபிஎன், ஐபிசெக் வைத்திருப்பவர்களுக்கு எங்கே வேறுபடுகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

பாக்கெட் போகும் பாதை

கேட்வேயில் மூன்று இன்டர்ஃபேஸ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஈத்0 இணையத்தை நோக்கியது. ஈத்1 உள் நெட்வொர்க்கை நோக்கியது. டபிள்யூஜி0 டன்னல்.

வெளியிலிருந்து ஒருவர் அனுப்பிய பாக்கெட் முதலில் ஈத்0 வழியாக யுடிபி உறையாக வருகிறது. அது கேட்வேக்கே வந்த பாக்கெட் என்பதால் ‘இன்புட்’ செயினுக்குப் போகிறது (செயின் என்பது வரிசையாகச் சோதிக்கப்படும் ரூல்களின் பட்டியல்). வயர்கார்டு அதைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்து, டபிள்யூஜி0 வழியாக இப்போதுதான் வந்த புதிய பாக்கெட் போல மறுபடி கர்னலிடம் கொடுக்கிறது. அந்த உள் பாக்கெட் உள் நெட்வொர்க்கில் இருக்கும் சர்வருக்குப் போக வேண்டியது; எனவே ‘ஃபார்வர்ட்’ செயின் வழியாக ஈத்1-க்குப் போகிறது.

திரும்பும் பாதை இதன் தலைகீழ். சர்வரின் பதில் ஃபார்வர்ட் செயினைக் கடந்து டபிள்யூஜி0-வின் வரிசையில் நிற்கிறது. பிறகு வயர்கார்டு குறியாக்கம் செய்து, ‘அவுட்புட்’ செயின் வழியாக ஈத்0-க்கு அனுப்புகிறது. இந்தப் படத்தை ஒரு தாளில் வரைந்து மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பாதி நேரம் மிச்சமாகும்.

ஐபிசெக்கைக் கொள்கை முறையில் அமைத்தால் டபிள்யூஜி0 போன்ற தனி இன்டர்ஃபேஸ் இருக்காது. உறையும் உள் பாக்கெட்டும் ஒரே ஈத்0 பெயரில்தான் தெரியும். அங்கே ‘இந்தப் பாக்கெட் ஐபிசெக் வழியாக வந்ததா’ என்று கேட்கும் நிபந்தனையை ரூலில் சேர்க்காவிட்டால், இணையத்திலிருந்து போலி முகவரியோடு வரும் பாக்கெட்டும் உள்ளே புகுந்துவிடும்.

முகவரித் திட்டம்: ரூலுக்கு முந்தைய வேலை

வயர்கார்டில் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ‘அலவ்டுஐபிஸ்’ என்று ஒரு வரி உண்டு. வெளியே போகும்போது அது ரவுட்டிங் அட்டவணையாக வேலை செய்கிறது. உள்ளே வரும்போது வடிகட்டியாக வேலை செய்கிறது: அந்தச் சாவியோடு வந்த பாக்கெட்டின் அனுப்புநர் முகவரி அந்த வரியில் இல்லையென்றால், ஃபயர்வாலை எட்டும் முன்பே அது கழிந்துவிடும். ஆக, டபிள்யூஜி0 வழியாக வரும் பாக்கெட்டில் உள்ள அனுப்புநர் முகவரியை நம்பலாம். முகவரியைப் பார்த்து எழுதும் ரூல், ஆளைப் பார்த்து எழுதும் ரூலுக்குச் சமம். சாதாரண நெட்வொர்க்கில் கிடைக்காத வசதி இது.

இதை முழுதாகப் பயன்படுத்த, கிளையன்ட் முகவரிகளைக் குழுவாரியாக ஒதுக்குங்கள். எடுத்துக்காட்டாக டன்னல் நெட்வொர்க் 10.8.0.0/24 என்றால்:

ஊழியர்கள்: 10.8.0.0/26 (கேட்வே 1, மற்றவர்கள் 2 முதல் 62 வரை)
நிர்வாகிகள்: 10.8.0.64/27 (65 முதல் 94 வரை)
வெளி ஒப்பந்தக்காரர்கள்: 10.8.0.128/26 (129 முதல் 190 வரை)

கேட்வே பக்கத்தில் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் /32, அதாவது ஒரே ஒரு முகவரி, மட்டுமே எழுதுங்கள். இரண்டு கிளையன்ட்டுக்கு ஒரே முகவரியை எழுதிவிட்டால் வயர்கார்டு பிழை எதுவும் காட்டாது. கடைசியாக எழுதிய கிளையன்ட்டுக்கு அந்த முகவரி போய்விடும். முதலாமவர் இணைந்திருப்பது போலவே தெரியும், ஆனால் ஒரு பாக்கெட்டும் நகராது. ‘டபிள்யூஜி ஷோ’ கட்டளையில் அலவ்டுஐபிஸ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் இதுதான் காரணம்.

அடுத்து, யார் எதை அடைய வேண்டும் என்று எழுதி வையுங்கள். நாம் எடுத்துக்கொள்ளும் மாதிரி: உள் நெட்வொர்க் 192.168.10.0/24. அதில் டிஎன்எஸ் சர்வர் 10, தரவுத்தளம் 20 (போர்ட் 5432), கோப்பு சர்வர் 30 (போர்ட் 445), தொலைபேசி சர்வர் 40 (அழைப்புச் சமிக்ஞை யுடிபி 5060, குரல் யுடிபி 10000 முதல் 20000 வரை). ஊழியர்களுக்கு டிஎன்எஸ், கோப்பு, தொலைபேசி. ஒப்பந்தக்காரர்களுக்குத் தரவுத்தளம் மட்டும். நிர்வாகிகளுக்கு எல்லாம்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். உள் சர்வர்களுக்கு 10.8.0.0/24 எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அவற்றின் இயல்பு கேட்வே இதே இயந்திரம் என்றால் கவலையில்லை. இல்லையென்றால் அங்குள்ள ரவுட்டரில் வழி சேர்க்க வேண்டும். சிலர் சிரமத்தைத் தவிர்க்க டன்னல் டிராஃபிக் முழுவதையும் கேட்வேயின் முகவரிக்கு மாற்றி அனுப்பிவிடுவார்கள். வேலை நடக்கும்; ஆனால் சர்வரின் பதிவேட்டில் எல்லாரும் ஒரே முகவரியாகத் தெரிவார்கள். யார் என்ன செய்தார் என்று பின்னால் தேடும் நாளில் ஒன்றும் கிடைக்காது. வழி சேர்ப்பதே சரி.

எம்டியு: இதைச் சரிபார்க்காமல் மேலே போகாதீர்கள்

எம்டியு என்பது ஒரு பாக்கெட் துண்டாகாமல் போகக்கூடிய அதிகபட்ச அளவு. வயர்கார்டு உறை ஐபிவி4-இல் 60 பைட் எடுக்கிறது: ஐபி தலைப்பு 20, யுடிபி தலைப்பு 8, வயர்கார்டுக்கு 32. ஐபிவி6-இல் 80 பைட். வழக்கமான எம்டியு 1500-இலிருந்து 80 போக 1420. வயர்கார்டின் இயல்பு எம்டியு அதுதான். இணைய இணைப்பே 1492 என்றால் 1412 ஆகக் குறைக்க வேண்டும்.

சோதிக்கும் முறை: துண்டாக்காதே என்ற கொடியோடு, டன்னலின் மறுமுனைக்கு 1392 பைட் அளவில் பிங் செய்யுங்கள் (1420 கழித்தல் ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளின் 28). அது போனால் சரி. போகாமல் 1352 போகிறது என்றால் இடையில் எங்கோ எம்டியு குறைவு; போகும் அளவோடு 28-ஐக் கூட்டி வரும் எண்ணை இரு பக்கமும் வையுங்கள். கூடவே ஃபார்வர்ட் செயினில், டிசிபி இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்டின் எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) வழித்தடத்தின் எம்டியுவுக்கு ஏற்ப மாற்றும் ரூல் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். 1420-க்கு அது ஐபிவி4-இல் 1380, ஐபிவி6-இல் 1360 என்று அமையும்.

இதை ஏன் ஃபயர்வாலுக்கு முன் செய்ய வேண்டும்? எம்டியு பிழையின் அறிகுறியும் ஃபயர்வால் பிழையின் அறிகுறியும் ஒன்றுபோலவே இருக்கும். எஸ்எஸ்எச் உள்நுழையும், நீளமான பட்டியலைக் காட்டச் சொன்னால் உறைந்துவிடும். பிங் போகும், கோப்பு நகல் தொடங்கியதும் நின்றுவிடும். இல்லாத ரூல் பிழையைத் தேடி ஒரு நாள் ஓடிவிடும்.

வடிகட்டல், முதல் பாகம்: வெளிக் கதவு

இன்புட் செயினின் இயல்பு முடிவை ‘டிராப்’ என்று வையுங்கள். பிறகு தேவையானதை மட்டும் திறங்கள்: லூப்பேக் இன்டர்ஃபேஸ், ஏற்கெனவே நிறுவப்பட்ட இணைப்புகளும் அவற்றோடு தொடர்புடையவையும், ஈத்0-வில் வயர்கார்டுக்கான யுடிபி 51820, நிர்வாகிகளின் டன்னல் முகவரிகளிலிருந்தும் ஈத்1-இலிருந்தும் மட்டும் எஸ்எஸ்எச் போர்ட் 22. ஈத்1-ஐ விட்டுவிடாதீர்கள். வயர்கார்டே எழாத நாளில் உள்ளே நுழைய அது ஒன்றே வழி.

ஐபிவி6 இருந்தால் ஐசிஎம்பிவி6 வகை 133 முதல் 136 வரை கட்டாயம் அனுமதிக்க வேண்டும். அண்டை இயந்திரத்தைக் கண்டறிவதே அதன் வழியாகத்தான். அடைத்தால் சில நிமிடங்களில் ஐபிவி6 முழுவதும் செத்துவிடும். வகை 2-ஐயும் திறந்தே வையுங்கள். ‘பாக்கெட் பெரியது’ என்று சொல்லும் செய்தி அது.

மற்ற விபிஎன்களுக்கு வெளிக் கதவு வேறு. ஓபன்விபிஎன் இயல்பாக யுடிபி 1194. ஐபிசெக்குக்கு யுடிபி 500, யுடிபி 4500, கூடவே இஎஸ்பி என்ற ஐபி நெறிமுறை எண் 50. இந்த 50-ஐப் போர்ட் எண் என்று நினைத்து யுடிபி 50-ஐத் திறந்து வைப்பது அடிக்கடி நடக்கிறது.

வடிகட்டல், இரண்டாம் பாகம்: உள்ளே யார் எங்கே

அசல் வேலை ஃபார்வர்ட் செயினில்தான். இங்கும் இயல்பு முடிவு டிராப். வரிசை முக்கியம், மேலிருந்து கீழாக இப்படி:

1. இணைப்புக் கண்காணிப்பு ‘செல்லாதது’ என்று சொல்லும் பாக்கெட்: டிராப்.
2. நிறுவப்பட்டது, தொடர்புடையது: அனுமதி. பெரும்பாலான பாக்கெட் இந்த இடத்திலேயே கடந்துவிடும், அதனால் மேலே இருக்க வேண்டும்.
3. டபிள்யூஜி0-விலிருந்து வந்து டபிள்யூஜி0-வுக்கே போவது: அனுப்புநர் நிர்வாகி என்றால் அனுமதி, மற்றவை டிராப்.
4. ஊழியர் முகவரிகளிலிருந்து டிஎன்எஸ் 53 (யுடிபி, டிசிபி இரண்டும்), கோப்பு சர்வர் 445, தொலைபேசி சர்வர் 5060 மற்றும் 10000–20000.
5. ஒப்பந்தக்காரர் முகவரிகளிலிருந்து 192.168.10.20, டிசிபி 5432 மட்டும்.
6. நிர்வாகிகளிடமிருந்து ஈத்1-க்கு எல்லாம்.
7. தொலைபேசி சர்வரிலிருந்து ஊழியர்களுக்கு யுடிபி.
8. பிங், நொடிக்கு 10 என்ற வரம்போடு.
9. மீதமுள்ளவை: நிமிடத்துக்கு 5 என்ற வரம்போடு பதிவு செய்து டிராப்.

மூன்றாவது ரூலை எழுதாமல் விடுபவர்கள் அதிகம். டன்னலில் இருக்கும் ஒரு மடிக்கணினியில் வைரஸ் புகுந்தால், பக்கத்து மடிக்கணினிக்குப் பரவும் வழி அதுதான். ஓபன்விபிஎன்னில் ‘கிளையன்ட்-டு-கிளையன்ட்’ தேர்வை இயக்கினால், பொதுவான அமைப்பில் கிளையன்ட்களுக்கு இடையிலான பாக்கெட்டை ஓபன்விபிஎன் செயல்முறையே திருப்பி அனுப்பிவிடும். அது கர்னலின் ஃபயர்வாலை எட்டாது, நீங்கள் எழுதிய ரூலும் பயன்படாது. வடிகட்ட வேண்டுமென்றால் அந்தத் தேர்வை அணைத்து வையுங்கள்.

ஏழாவது ரூல் எதற்கு என்று தோன்றலாம். அது இல்லாவிட்டால் இப்படி நடக்கும்: ஊழியரின் தொலைபேசிச் செயலி சர்வரில் பதிவு செய்துகொள்ளும், அடுத்த ஓரிரு நிமிடத்தில் வரும் அழைப்பு ஒலிக்கும், பிறகு வரும் அழைப்புகள் ஒலிக்கவே ஒலிக்காது. காரணம், யுடிபிக்கு இணைப்பு நினைவு குறைவு. இருபக்கமும் பேசிய யுடிபி ஓட்டத்தைக் கர்னல் இயல்பாக 120 நொடிதான் நினைவில் வைக்கிறது. ஒருபக்கம் மட்டும் பேசியது என்றால் 30 நொடி. அது காலாவதி ஆனதும், சர்வரிலிருந்து வரும் அழைப்பு புதிய இணைப்பாகத் தெரிகிறது. அனுமதிக்கும் ரூல் இல்லாததால் கழிகிறது. ‘சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை’ என்ற புகார் வந்தால் முதலில் நேர அளவுகளைப் பாருங்கள்.

ரூல் எழுதும்போது கவனிக்க வேண்டிய மூன்று நுணுக்கங்கள்.

இன்டர்ஃபேஸைக் குறிக்க என்எஃப்டேபிள்ஸில் இரண்டு வகை உண்டு. ‘ஐஐஎஃப்’ எண்ணை வைத்துப் பார்க்கும். ‘ஐஐஎஃப்நேம்’ பெயரை வைத்துப் பார்க்கும். டன்னலை நிறுத்தித் தொடங்கினால் டபிள்யூஜி0-வின் எண் மாறிவிடும், எண்ணை நம்பிய ரூல் யாரையும் பிடிக்காது. இயந்திரம் எழும்போது டபிள்யூஜி0 இன்னும் பிறக்கவில்லை என்றால் ரூல் கோப்பே ஏறாமல் போகும். டன்னலுக்கு எப்போதும் ஐஐஎஃப்நேம்தான்.

ஒரே ஹூக்கில் (பாக்கெட் பாதையில் செயின்கள் மாட்டப்படும் இடம்) பல செயின்கள் இருந்தால், ஒன்றில் கிடைக்கும் ‘அக்செப்ட்’ அந்தச் செயினுக்கு மட்டுமே. அடுத்த முன்னுரிமையில் இருக்கும் செயின் மறுபடி விசாரிக்கும். ‘டிராப்’ மட்டும் உடனே இறுதி. டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருளை நிறுவிய இயந்திரத்தில், நீங்கள் அனுமதித்த பாக்கெட் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: டாக்கர் போட்ட ஃபார்வர்ட் ரூல்கள் அதைக் கழித்திருக்கும்.

டேபிளை ‘ஐநெட்’ வகையில் உருவாக்குங்கள். ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் ஒரே ரூல்கள் போதும். ஐபிவி4-க்கு மட்டும் கதவு போட்டு ஐபிவி6-ஐத் திறந்து விட்ட கேட்வேக்கள் ஏராளம்.

வெளியே பூட்டிக்கொள்ளாமல் ஏற்றுவது

ரூல்களைக் கட்டளை வரியில் ஒவ்வொன்றாகத் தட்டாதீர்கள். முழுவதையும் ஒரு கோப்பில் எழுதி ஒரே முறையில் ஏற்றுங்கள். என்எஃப்டேபிள்ஸ் கோப்பை முழுமையாக ஏற்கும் அல்லது முழுமையாக மறுக்கும், பாதியில் நிற்காது. கோப்பின் தலையில் உங்கள் டேபிளை வெறுமையாக ஒருமுறை அறிவித்து, அடுத்த வரியில் அழித்து, அதற்கும் கீழே முழு வரையறையை எழுதுங்கள். இல்லாத டேபிளை அழிக்கச் சொன்னால் பிழை வரும் என்பதால்தான் அந்த வெற்று அறிவிப்பு. மொத்த ரூல்செட்டையும் அழிக்கும் கட்டளையைப் போட்டால் டாக்கர் போன்ற மற்ற மென்பொருள்கள் எழுதிய ரூல்களும் போய்விடும்.

ஏற்றும் வரிசை இது. முதலில் பழைய ரூல்செட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள், அதன் தலையில் மொத்தத்தையும் அழிக்கும் வரியைச் சேருங்கள். அடுத்து ‘சிஸ்டம்டி-ரன்’ மூலம், 300 நொடியில் அந்தப் பழைய கோப்பை மீண்டும் ஏற்றும்படி ஒரு டைமர் போடுங்கள். புதிய கோப்பைச் சோதனைத் தேர்வோடு ஓட்டி எழுத்துப் பிழை இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு ஏற்றுங்கள். இருக்கும் எஸ்எஸ்எச் அமர்வை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பாருங்கள். பழைய அமர்வு இன்புட் செயினின் ‘நிறுவப்பட்டது’ ரூலால் உயிரோடு இருக்கும். அதை வைத்து எல்லாம் சரி என்று நம்பினால் ஏமாந்துபோவீர்கள். புதிய அமர்வு நுழைந்த பிறகுதான் டைமரை நிறுத்த வேண்டும்.

இதே காரணத்தால், ஒருவருடைய அனுமதியை ரூலில் எடுத்துவிட்டாலும் அவருடைய திறந்த இணைப்பு தொடரும். நிறுவப்பட்ட டிசிபி இணைப்பைக் கர்னல் இயல்பாக 432000 நொடி, அதாவது 5 நாள் நினைவில் வைத்திருக்கும். ரூலை மாற்றியதும் அந்த முகவரிக்கு உரிய பதிவுகளை ‘கான்ட்ராக்’ கருவியால் அழித்துவிடுங்கள். ஆளையே விலக்குகிறீர்கள் என்றால் வயர்கார்டிலிருந்து அவருடைய சாவியை நீக்குங்கள்; அதன்பின் அவருடைய பாக்கெட் பிரிபடாது.

வகைபிரித்தல்: எங்கே முத்திரை குத்துவது

இனி டிராஃபிக்கைத் தரம் பிரிப்பதற்கு வருவோம். இங்கேதான் உள் பாக்கெட், உறை என்ற வேறுபாடு முழு வேகத்தில் அடிக்கும்.

பாக்கெட்டின் ஐபி தலைப்பில் டிஎஸ்சிபி என்ற 6 பிட் எண் உண்டு. 0 முதல் 63 வரை. குரலுக்கு 46, சாதாரணத்துக்கு 0, பின்னணி வேலைக்கு 8 என்பது பரவலான வழக்கம். ஐபிசெக் பொதுவாக உள் பாக்கெட்டின் டிஎஸ்சிபியை உறைக்கு நகலெடுக்கும். ஓபன்விபிஎன்னில் ‘பாஸ்டாஸ்’ என்ற தேர்வைப் போட்டால் நகலெடுக்கும். வயர்கார்டு நகலெடுக்காது. தரவுப் பாக்கெட்டின் உறையில் டிஎஸ்சிபி எப்போதும் 0. இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கல் பாக்கெட்டுக்கு மட்டும் 34. எந்தப் பாக்கெட் எந்த வகை என்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காகத் திட்டமிட்டே அப்படி வைத்திருக்கிறார்கள்.

கர்னல் உள்ளுக்குள் வைக்கும் ‘மார்க்’ என்ற எண்ணும் வயர்கார்டின் குறியாக்கத்தைத் தாண்டாது. உறைக்கு இன்டர்ஃபேஸில் நீங்கள் அமைத்த எஃப்டபிள்யூமார்க் மட்டுமே கிடைக்கும். ஆகவே ஈத்0-வில் நின்றுகொண்டு குரலையும் கோப்பையும் பிரிக்கப் பார்ப்பது வீண். பிரிப்பதும் வரிசைப்படுத்துவதும் டபிள்யூஜி0-வில், குறியாக்கத்துக்கு முன்.

இன்னொரு காரணமும் அதே முடிவுக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு விபிஎன்னும் பாக்கெட்டுக்கு வரிசை எண் போடுகிறது. பழைய எண் மிகத் தாமதமாக வந்தால் மறுபதிப்புத் தாக்குதல் என்று கழித்துவிடும். எண் போட்ட பிறகு வரிசையை மாற்றினால், பின்தள்ளப்பட்ட பாக்கெட் அந்தச் சாளரத்துக்கு வெளியே விழும். ஓபன்விபிஎன்னின் இயல்புச் சாளரம் 64 பாக்கெட். ஐபிசெக்கில் 32 என்று வைத்திருப்பதும் வழக்கம். குறியாக்கத்துக்கு முன்பே வரிசைப்படுத்தினால் எண்கள் ஒழுங்காகவே போகும்.

முத்திரை குத்தும் முறை: ஃபார்வர்ட் ஹூக்கில், முன்னுரிமை −150-இல் தனியாக ஒரு செயின் வையுங்கள். வடிகட்டும் செயின் 0-வில் இருப்பதால் இது அதற்கு முன் ஓடும். கிளையன்ட்டிடமிருந்து வரும் டிஎஸ்சிபியை முதலில் 0 ஆக்குங்கள். எல்லாப் பாக்கெட்டுக்கும் 46 போட்டு அனுப்பும் மென்பொருள்கள் உண்டு. வெளியார் குத்திய முத்திரையை நம்பினால் பிரிப்பதில் அர்த்தமில்லை. பிறகு, இணைப்பின் முதல் பாக்கெட்டைப் பார்த்து வகையை முடிவு செய்து ‘சிடி மார்க்’ ஆக, அதாவது இணைப்புக்கே உரிய முத்திரையாகப் பதியுங்கள். அடுத்து வரும் எல்லாப் பாக்கெட்டுக்கும் அந்த எண்ணை எடுத்து வையுங்கள்.

ஏன் இணைப்புக்கு? டபிள்யூஜி0 வழியாக வெளியே போவது பெரும்பாலும் பதில்கள். ஊழியர் கோப்பு சர்வரின் 445-க்குத் தொடங்கிய இணைப்பில், திரும்பி வரும் பாக்கெட்டுக்கு 445 சேருமிடப் போர்ட் அல்ல, அனுப்புநர் போர்ட். ‘சேருமிடப் போர்ட் 445’ என்று டபிள்யூஜி0-வில் எழுதிய ரூலின் கவுன்டர் காலம் முழுதும் பூஜ்யமாகவே நிற்கும். இணைப்பு முத்திரை இரு திசைக்கும் சேர்த்தே பொருந்தும்.

நான்கு வகை போதும். குரல் (10), உடனடிப் பதில் தேவைப்படுவது (20): டிஎன்எஸ், எஸ்எஸ்எச் 22, தொலைமேசை 3389. பொது (30). பெருஞ்சுமை (40): கோப்பு நகல், காப்புப்பிரதி. பத்து பன்னிரண்டு வகை வைத்தவர்கள் எல்லாரும் பின்னால் குறைத்துக்கொண்டார்கள்.

போர்ட்டை வைத்துப் பிரிக்க முடியாதவையும் உண்டு. யுடிபி 443-இல் குயிக் நெறிமுறை போகிறது. அதில் வீடியோவும் இருக்கும், சாதாரணப் பக்கமும் இருக்கும். அப்போது அளவை வைத்துப் பிரியுங்கள்: ஓர் இணைப்பு 10 மெகாபைட்டைத் தாண்டிவிட்டால் பெருஞ்சுமைக்கு மாற்றும் ரூல் ஒன்று. இதற்குக் கர்னலில் ‘என்எஃப்_கான்ட்ராக்_அக்ட்’ அமைப்பை 1 ஆக்கியிருக்க வேண்டும். இயக்கிய பிறகு தொடங்கும் இணைப்புகளுக்கே எண்ணிக்கை ஓடும். பழையவற்றில் ரூல் வேலை செய்யவில்லை என்று குழம்ப வேண்டாம்.

வரிசை: எத்தனை ஒதுக்குவது

முத்திரை மட்டும் இருந்தால் எதுவும் வேகமாகாது. நெரிசல் எங்கே உண்டாகிறதோ அந்த வரிசை உங்கள் கையில் இருக்க வேண்டும். மோடத்தில் நெரிசல் உண்டானால் அங்கே முதலில் வந்தவருக்கு முதல் இடம்தான். எனவே கேட்வேயின் வேகத்தை இணைப்பின் உண்மை வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்ட வேண்டும்.

பதிவேற்ற வேகம் 20 மெகாபிட் என்றால், டபிள்யூஜி0-வில் 17 என்று வைத்துத் தொடங்குங்கள். ஏன் இவ்வளவு குறைவு? டபிள்யூஜி0 உள் பாக்கெட்டின் அளவைத்தான் எண்ணுகிறது. உறையின் 60 பைட் அதற்குத் தெரியாது. 1420 பைட் பாக்கெட்டில் அது 4 சதவீதம்தான். குரலில் கதை வேறு. ஜி.711 குரல் 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட்: 160 பைட் ஒலி, 40 பைட் தலைப்பு, மொத்தம் 200. நொடிக்கு 50 பாக்கெட், 80 கிலோபிட். வயர்கார்டு அதை 16-இன் மடங்காக 208 ஆக்கி, 60 சேர்த்து 268 ஆக அனுப்புகிறது: 107 கிலோபிட். மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கேக் என்ற வரிசை முறையில் ‘ஓவர்ஹெட்’ 60 என்று சொல்லிவிட்டால் உறையையும் சேர்த்தே எண்ணும். அப்போது 17-ஐ இன்னும் உயர்த்திப் பார்க்கலாம்.

எச்டிபி என்ற, வகைவாரியாக வேகத்தைப் பங்கிடும் வரிசை முறையில் மாதிரிப் பங்கீடு இது. குரலுக்கு உறுதி 1.5, உச்சம் 3 மெகாபிட், உடனடி வகைக்கு உறுதி 5, பொதுவுக்கு 8, பெருஞ்சுமைக்கு 2.5. கடைசி மூன்றுக்கும் உச்சம் 17. உறுதிகளின் கூட்டுத்தொகை 17-ஐத் தாண்டக்கூடாது. ஒவ்வொன்றின் அடியிலும் எஃப்க்யூ கோடெல் என்ற வரிசை முறையை வையுங்கள், ஒரே வகைக்குள் ஓர் இணைப்பு மற்றவற்றை அமுக்காமல் இருக்கும். என்எஃப்டேபிள்ஸில் ‘மெட்டா பிரயாரிட்டி’ மூலம் முத்திரை 10-ஐ 1:10 வகுப்புக்கு நேரடியாக அனுப்பலாம். தனி டிசி ஃபில்டர் தேவையில்லை.

இவ்வளவு வேண்டாம் என்பவர்களுக்குக் கேக் நல்ல தேர்வு. கர்னல் 4.19-இலிருந்து இருக்கிறது. வேகம், ‘டிஃப்சர்வ்4’, ஓவர்ஹெட் என மூன்றைச் சொன்னால் போதும். டிஎஸ்சிபியைப் பார்த்துத் தானே நான்கு தட்டாகப் பிரிக்கும். அதற்கு முத்திரை எண்ணைத் தவிர, வகைக்கு ஏற்ற டிஎஸ்சிபியையும் உங்கள் செயினில் எழுத வேண்டும். முதல்முறை அமைப்பவர்கள் கேக்கில் தொடங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

எண்களில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. டிசி கருவியில் ‘எம்பிட்’ என்றால் மெகாபிட். ‘எம்பிபிஎஸ்’ என்றால் மெகாபைட். 17 எம்பிபிஎஸ் என்று எழுதினால் 136 மெகாபிட் வரம்பு வைத்ததாக ஆகும், வரிசை எதையும் தடுக்காது. எச்டிபியில் இயல்பு வகுப்பு எது என்று சொல்லாமல் விட்டாலும் இதே போலத்தான்: வகை தெரியாத பாக்கெட் எல்லாம் கட்டுப்பாடின்றி ஓடிவிடும். இயல்பாக 30-ஐக் குறியுங்கள்.

இது கேட்வேயிலிருந்து கிளையன்ட்டுக்குப் போகும் திசையை மட்டுமே கட்டும். கிளையன்ட் ஏற்றும் சுமையை அவருடைய பக்கத்தில்தான் கட்ட வேண்டும். அதேபோல, ஈத்0-வில் டன்னல் அல்லாத டிராஃபிக்கும் கணிசமாக ஓடினால், டபிள்யூஜி0-வின் 17 மட்டும் காப்பாற்றாது. ஈத்0-விலும் மொத்த வரம்பு ஒன்று வேண்டும்.

சரிபார்ப்பதும், சரியாகாதபோது பார்க்க வேண்டியதும்

ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கவிட்டு அதே நேரத்தில் தொலைபேசியில் பேசிப் பாருங்கள். டிசியின் வகுப்புப் புள்ளிவிவரத்தில் 10-ஆம் வகுப்பும் 40-ஆம் வகுப்பும் தனித்தனியாக ஏற வேண்டும். 40-இல் கழிவு எண்ணிக்கை கூட வேண்டும், 10-இல் கூடக்கூடாது. பிங் நேரத்தைப் பார்த்துக் குரலின் தரத்தை முடிவு செய்யாதீர்கள். பிங் உங்கள் ரூலின்படி பொது வகையில்தான் போகிறது.

ஒரு வகுப்பின் எண்ணிக்கை அசையவே இல்லை என்றால், முத்திரைச் செயினில் ஒவ்வொரு ரூலுக்கும் கவுன்டர் சேர்த்துப் பாருங்கள். அதுவும் புரியாவிட்டால் ஒரு முகவரிக்கு மட்டும் ‘என்எஃப்ட்ரேஸ்’ இயக்குங்கள். அந்தப் பாக்கெட் எந்தச் செயினில் எந்த ரூலில் நின்றது என்று வரிவரியாகக் காட்டும். கூடவே டிசிபிடம்பை டபிள்யூஜி0-விலும் ஈத்1-இலும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். டபிள்யூஜி0-வில் தெரிந்து ஈத்1-இல் தெரியவில்லை என்றால் ஃபயர்வால் அல்லது ரவுட்டிங். இரண்டிலும் போவது தெரிந்து பதில் மட்டும் வரவில்லை என்றால், சர்வருக்குத் திரும்பும் வழி தெரியவில்லை. டபிள்யூஜி0-விலேயே தெரியவில்லை என்றால் அலவ்டுஐபிஸ்.

தொடக்கத்தில் சில பாக்கெட் மட்டும் கவுன்டரில் ஏறி, பிறகு நின்றுவிடுகிறதா? ஃப்ளோடேபிள் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். அது நிறுவப்பட்ட இணைப்புகளைக் குறுக்குவழியில் அனுப்பும்; ஃபார்வர்ட் செயினை அவை மிதிப்பதே இல்லை. வேகம் கூடும், முத்திரையும் அளவுக் கணக்கும் போய்விடும். வகைபிரித்தல் வேண்டுமென்றால் டன்னல் டிராஃபிக்கை அதிலிருந்து விலக்க வேண்டும்.

மார்க் வைத்து ஒரு வகை டிராஃபிக்கை மட்டும் வேறு ரவுட்டிங் அட்டவணை வழியாக டன்னலுக்கு அனுப்புபவர்களுக்கு இன்னொரு தடை வரும். பதில் வந்து சேர்வது டிசிபிடம்பில் தெரியும், செயலிக்குக் கிடைக்காது. ‘ஆர்பி_ஃபில்டர்’ 1-இல் இருந்தால், பாக்கெட் வந்த இன்டர்ஃபேஸும் அந்த முகவரிக்குப் போகும் வழியும் ஒன்றாக இல்லை என்று கர்னல் கழித்துவிடுகிறது. அதை 2 ஆக்குங்கள், அல்லது ‘எஸ்ஆர்சி_வேலிட்_மார்க்’ 1 ஆக்கி, வரும் பாக்கெட்டுக்கும் ப்ரீரவுட்டிங்கில் இணைப்பு முத்திரையிலிருந்து மார்க்கை மீட்டெடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து, மறுநாள் இயந்திரம் எழுந்ததும் ஒன்றுமில்லாமல் போனால் மூன்று இடம் பாருங்கள். ரூல் கோப்பு என்எஃப்டேபிள்ஸ் சேவை படிக்கும் இடத்தில் இருந்து, அந்தச் சேவை தொடக்கத்தில் இயங்கும்படி வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஐபி ஃபார்வர்டிங் அமைப்பு சிஸ்கண்ட்ரோல் கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். டபிள்யூஜி0-வின் டிசி வரிசை, டன்னல் இறங்கும் ஒவ்வொரு முறையும் இன்டர்ஃபேஸோடு சேர்ந்தே அழிகிறது. அதன் கட்டளைகளை வயர்கார்டு அமைப்புக் கோப்பின் ‘போஸ்ட்அப்’ வரியில் எழுதினால், டன்னல் எழும்போதெல்லாம் வரிசையும் கூடவே எழும்.